கீரைப்பாத்தியும் பூப்பாத்தியும் தள்ளியே இருக்கட்டும்

நீலகிரியில் கைப்பிடி மண் இருந்தாலும் அங்கே ஒரு செடி இருக்கும். வாசலில் ஹைட்ரேஞ்சியா, ஜெரேனியம், ஃபியூஷியா. பின்பக்கம் பீன்ஸ், சௌசௌ கொடி, சுக்குட்டிக் கீரை, ஒரு மரத்தக்காளி. பார்க்கவே மனசு நிறையும். மருத்துவராக என் கவலை ஒன்றுதான். அழகுக்கு நட்டதும் சமையலுக்கு நட்டதும் ஒரே பாத்தியில் ஒட்டி நிற்கின்றன. அவற்றில் சிலவற்றின் குணம் வளர்ப்பவருக்கே தெரிவதில்லை.

வேலியோரம் எக்காளம் போலத் தலைகீழாகத் தொங்குமே, வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் ஒரு பெரிய பூ? அது புரூக்மான்சியா. தென் அமெரிக்க மலைகளிலிருந்து வந்தது, நம் ஊமத்தைக்கு நெருங்கிய உறவு. இலை, பூ, விதை எல்லாவற்றிலும் அட்ரோபின், ஸ்கோபோலமின் போன்ற நஞ்சுகள் உண்டு. வயிற்றுக்குள் போனால் வாய் வறளும், முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், காய்ச்சல் அடிக்கும், ஆள் பிதற்ற ஆரம்பித்துவிடுவார்.

சாப்பிடாமலேயே அது காட்டும் வேலை ஒன்று உண்டு. நடுத்தர வயது அம்மா ஒருவரைக் குடும்பமே பதறிக் கூட்டி வந்தது. ஒரு கண்ணின் பாப்பா மட்டும் அகலமாக விரிந்து, வெளிச்சம் காட்டினாலும் சுருங்கவில்லை. பக்கவாதமோ, மூளையில் கட்டியோ என்று பயந்திருந்தார்கள். தலைவலி இல்லை, இமை தொங்கவில்லை, கை கால் நன்றாக இயங்கின. "காலையில என்னம்மா வேலை பார்த்தீங்க?" என்று கேட்டேன். வேலியோரச் செடியைக் கழித்துவிட்டாராம், அதே கையால் கண்ணைக் கசக்கியிருக்கிறார். பைலோகார்பின் சொட்டு விட்டுப் பார்த்தோம். நரம்புக் கோளாறால் விரிந்த பாப்பா அதற்குச் சுருங்கும், இந்தச் சாறு பட்டதோ சுருங்காது. அவருக்குச் சுருங்கவில்லை. சில நாட்களில் தானாகச் சரியாகிவிட்டது. ஆனால் ஒன்று: பாப்பா விரிந்து, கூடவே கடும் தலைவலியோ, இமைத் தொங்கலோ, பேச்சுக் குழறலோ இருந்தால் செடி என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். உடனே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

நான் இதைவிடப் பயப்படுவது ஃபாக்ஸ்குளோவுக்கு, நீண்ட தண்டில் மணி மணியாகப் பூத் தொங்கும் அழகுச் செடி அது. பூத்து நிற்கும்போது யாரும் ஏமாற மாட்டார்கள். பூக்கும் முன், தரையோடு இலை விரித்திருக்கும் பருவத்தில்தான் ஆபத்து. காம்ஃப்ரி எனும் மூலிகை இலை என்றோ ஏதோ கீரை என்றோ பறித்துவிட முடியும். இதிலிருந்துதான் டிஜிட்டாலிஸ் எனும் இதய மருந்து வந்தது. 1785-ல் வில்லியம் விதரிங் எனும் ஆங்கிலேய மருத்துவர் இதைப் பற்றி விரிவாக எழுதினார். மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. வேகவைத்தாலும் காயவைத்தாலும் வீரியம் போகாது. வாந்தி, பார்வையில் மஞ்சள் தட்டுவது, நாடித்துடிப்பு தாறுமாறாவது எல்லாம் இதன் அறிகுறிகள். ஏற்கெனவே டிஜாக்சின் எனும் அதே வகை இதய மாத்திரை எடுப்பவர் வீட்டில் இந்தச் செடி கீரைப்பாத்திக்குப் பக்கத்தில் இருக்கவே கூடாது.

ஈரமான பள்ளங்களில் தானாகவே வளரும் காலா லில்லி உயிரை எடுப்பது அபூர்வம். குழந்தை கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். மூச்சுத் திணறினால் மட்டும் தாமதிக்கக் கூடாது.

சாப்பிடும் செடிகளிலும் கவனம் வேண்டும். உருளைக்கிழங்குச் செடி பூத்தபின் தக்காளிப் பிஞ்சு மாதிரி பச்சைக் காய் விடும். விளையாடும் குழந்தை அதை வாயில் போடும், அது நஞ்சு. வெயில் பட்டுப் பச்சையான கிழங்கிலும் சோலனின் எனும் அதே நஞ்சுதான், வேகவைத்தால் போய்விடாது. ரோஜாவுக்குப் போடும் குருணை மருந்தும் அப்படித்தான். வேர் வழியே உறிஞ்சி இலைவரை ஏறும் வகை அது. அந்தத் தொட்டியில் ஊன்றிய கொத்தமல்லியை எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை.

இதற்காக எதையும் பிடுங்கி எறியச் சொல்லவில்லை. பூச்செடிக்கு ஒரு பக்கம், சமையல் செடிக்கு இன்னொரு பக்கம், நடுவே ஒரு நடைபாதை இருந்தால் போதும். நர்சரியில் வாங்கும்போது பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். புரூக்மான்சியாவைக் கையுறை போட்டு வெட்டுங்கள், முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

யாராவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மயக்கத்தில் இருப்பவருக்கு அது புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். வாயில் மிச்சமிருப்பதைத் துடைத்தெடுத்து 108-க்கு அழையுங்கள். எப்போது, எவ்வளவு தின்றார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தச் செடியில் பூ, இலை, காய் எல்லாம் உள்ள ஒரு கிளையைப் பையில் போட்டு எடுத்து வாருங்கள். பெயர் தெரியாவிட்டாலும் கிளையைப் பார்த்து நாங்கள் சிகிச்சையைத் தொடங்கிவிடலாம்.