டைல்ஸ் கடைக்குப் போகுமுன் கதவைத் திறந்து பாருங்கள்

பாத்ரூம் வேலைக்கு என்னை அழைப்பவர்கள் பெரும்பாலும் கைப்பேசியில் ஒரு டைல்ஸ் படத்தை வைத்துக்கொண்டுதான் காத்திருப்பார்கள். "அண்ணே, இந்த மாதிரி வேணும்." நான் படத்தைப் பார்ப்பதற்கு முன் தரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்ப்பேன். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இருபது வருடத்துக்கு மேல் இந்த வேலை செய்கிறேன். ஊற்றிய தண்ணீர் வடிகால் ஓட்டைக்குப் போகாமல் கதவுப் பக்கம் வரும் வீடுகளை எத்தனையோ பார்த்தாயிற்று.

நம் ஆட்களைக் குறை சொல்லவில்லை. எல்பில், டோவன்பி என்று ரப்பர் தோட்டங்களில் இருந்து தாமானுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிக்கு, வந்த குடும்பங்கள் நாம். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் கக்கூஸ் வீட்டைவிட்டுத் தள்ளி இருந்தது. குளிப்பது பின்பக்கம், தோங்கில் (பீப்பாயில்) பிடித்து வைத்த தண்ணீரில். ஈரம் வெளியே கிடந்தது, வீடு காய்ந்திருந்தது. பிறகு 25,000 வெள்ளி (ரிங்கிட்) மலிவு வீடு கிடைத்தபோது, 5 அடிக்கு 5 அடி அறை ஒன்றுக்குள் எல்லாமே சமையலறைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அந்த அறையில் எதை எங்கே வைப்பது என்று யாரும் உட்கார்ந்து யோசித்ததில்லை.

கொஞ்ச காலத்துக்கு முன், பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற ஒரு பாட்டி பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். கதவு உள்பக்கம் திறப்பது. விழுந்தவர் உடம்பே கதவை அடைத்துக்கொண்டது. வெளியே இருந்து மகன் தள்ளினால் அம்மாவின் கால்மேல் அழுந்துகிறது, கீல்களோ உள்ளே. கடைசியில் பிவிசி கதவை அறுத்துத்தான் அவரைத் தூக்கினார்கள். புதுக் கதவு போட என்னை அழைத்தவர்கள், மறுபடியும் உள்ளே திறக்கும் கதவையே கேட்டார்கள். வெளியே திறந்தால் சமையலறை அலமாரி இடிக்குமாம். அலமாரியை ஆறு அங்குலம் நகர்த்தினோம், அவ்வளவுதான். இடமே இல்லையென்றால் தள்ளுகதவு போடலாம்.

கதவு முடிவானால் மற்றது வரிசையாக அமையும். வாசலை ஒட்டி முகம் கழுவும் பேசின், அடுத்து கழிப்பறை இருக்கை, கடைசிச் சுவரோரம் குளிக்கும் இடம். தரை ஓட்டை அந்தக் கடைசியில்தான் இருக்க வேண்டும். ராத்திரி சிறுநீர் கழிக்க எழும் வயதானவர் ஈரத்தை மிதிக்காமல் போய்த் திரும்ப வேண்டும், அதற்குத்தான் இந்த வரிசை.

தரையின் வாட்டம், அதாவது சரிவு பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் வீணாவது இங்கேதான். 80க்கு 1 என்பது கணக்கு. அதாவது 5 அடி நீளத்துக்கு முக்கால் அங்குலம் இறக்கம். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் தெரியும், காலுக்குத் தெரியாது. இப்போது எல்லோரும் 2 அடிக்கு 2 அடி டைல்ஸ் கேட்கிறார்கள். நான்கு பக்கமிருந்தும் ஓட்டைக்கு இறங்க வேண்டிய தரையில் அந்தப் பெரிய பலகை எப்படி வளையும்? குளிக்கும் இடத்துக்கு மட்டுமாவது சின்ன டைல்ஸ் போடுங்கள். டைல்ஸ் இடுக்கை அடைக்கும் கிரவுட் கோடுகள் கூடும், காலுக்குப் பிடிப்பும் கூடும். பழைய டைல்ஸை உடைக்காமல் மேலேயே ஒட்டினால் ஹேக்கிங் (உடைக்கும்) கூலி மிச்சம் என்பார்கள். தரை உயர்ந்து வாசற்படி மட்டத்துக்கு வந்துவிடும், தண்ணீர் சமையலறைக்குள் நடக்கும். தண்ணீர் கசியாமல் தடுக்கும் வாட்டர்புரூஃபிங் பூசியபின் ஓட்டையை அடைத்து, 24 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பார்க்காமல் டைல்ஸ் ஒட்ட விடாதீர்கள்.

இருக்கையின் நடுக்கோட்டில் இருந்து பக்கச் சுவருக்கு 15 அங்குலமாவது வேண்டும். கழிவுக் குழாயின் தூரத்தை டைல்ஸ் ஒட்டிய சுவரில் இருந்துதான் கணக்கிட வேண்டும். வெறும் செங்கலில் இருந்து அளந்து வாங்கிவிட்டு, பொருந்தவில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

குளிக்கத் தண்ணீர் பிடித்து வைக்கும் கோலாத் தொட்டி வேண்டுமா என்ற கேள்வியில் வீட்டுக்கு வீடு சண்டை. பிள்ளைகளுக்கு ஷவர், அம்மாவுக்குச் சொம்பு. நான் அம்மா கட்சி. தண்ணீர் தடைபடும் நாட்களில் அதன் அருமை தெரியும். ஆனால் 2 அடிக்கு 2 அடி, இரண்டரை அடி உயரம் என்றாலே 280 லிட்டர் பிடிக்கும். அவ்வளவு பெரிது எதற்கு? ஏடிஸ் கொசு முட்டையிடத் தெளிந்த, அசையாத தண்ணீர் போதும். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ முடிகிற அளவுக்குக் கட்டுங்கள், அடியில் வடிகால் துளை வையுங்கள்.

மலேசியாவின் 1984ஆம் ஆண்டுக் கட்டடத் துணைச்சட்டப்படி, கழிப்பறையும் குளியலும் சேர்ந்த அறை 2 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. காற்றும் வெளிச்சமும் வர 0.2 சதுர மீட்டர் திறப்பு வேண்டும். அறை அளவை யாரும் குறைப்பதில்லை. ஜன்னலைத்தான் கொல்கிறார்கள். சமையலறையைப் பின்னால் நீட்டிக் கட்டும்போது, பாத்ரூமின் நாக்கோ (கண்ணாடிப் பட்டை) ஜன்னல் அடுப்புக்கு நேராகத் திறக்கும்படி ஆகிவிடுகிறது. அந்த நீட்டிப்புக்கு அடியிலேயே சாக்கடை மூடியையும் டைல்ஸ் போட்டு மறைத்துவிட்டால், அடைப்பு வரும் நாளில் பார்த்துப் பார்த்து ஒட்டிய டைல்ஸைத்தான் உடைக்க வேண்டும்.

சுடுநீர்க் கருவி 3.6 கிலோவாட் என்றால் 230 வோல்ட்டில் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 13 ஆம்பியர் பிளக்கில் சொருகுவது நெருப்புக்கு வழி. தனி வயர், அறைக்கு வெளியே சுவிட்ச், 10 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி: இந்த மூன்றும் வேண்டும், வேலையை உரிமம் பெற்ற வயர்மேன் செய்ய வேண்டும்.

இதையெல்லாம் காகிதத்தில் வரைந்து காட்டினால் பலருக்குப் பிடிபடுவதில்லை. அதனால் கார் நிறுத்தும் இடத்தில் சாக்பீஸால் முழு அளவில் கோடு போடுவேன். இருக்கைக்குப் பதில் பிளாஸ்டிக் நாற்காலி. வீட்டிலேயே மூத்தவரை அதில் உட்கார்ந்து எழச் சொல்வேன். எழும்போது கை எங்கே தேடிப் போகிறதோ, அந்த உயரத்தில் கைப்பிடிக் கம்பி. உறிஞ்சி ஒட்டும் ரகம் வேண்டாம், செங்கலில் போல்ட் இறங்க வேண்டும்.

துளை போடுமுன் குழாய் போகும் வழி தெரிய வேண்டுமே. பூச்சு மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரிலும் அளவு நாடாவை விரித்து வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதை நான் என் சொந்த வீட்டில் செய்யவில்லை. துண்டு மாட்டும் கம்பிக்குத் துளை போட்டேன், சுவர் என் முகத்தில் பீய்ச்சியடித்தது. என் மனைவி இன்னும் அதை விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.