புரோக்கர் என்றால் தரகரா?

ஐஓடி கருவிகள், அதாவது இணையத்தில் இணைந்த உணரிகள் போன்றவை, அனுப்பும் செய்திகளை வாங்கி, பார்த்து, வேண்டிய இடத்துக்கு அனுப்பிவைக்கும் மாதிரிச் சேவை ஒன்றை அமைப்பது எப்படி என்று தமிழில் எழுதுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். மகிழ்ச்சி. ஆனால் முதல் பத்தியிலேயே ‘புரோக்கர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பெயர்ப்பாக ஒரு தரகர் வந்து உட்கார்ந்துகொள்கிறார். ‘தரகரை நிறுவவும்’, ‘தரகருடன் இணைக்கவும்’, ‘தரகர் இயங்குகிறாரா எனப் பார்க்கவும்’. ஓடும் நிரலை நிறுத்தும் ‘கில்’ கட்டளையையும் இதே கையோடு பெயர்த்தால் கொலை வழக்குதான்.

புரோக்கர் என்பது பழைய நார்மன் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். சிறு வணிகர், இடையில் நின்று விற்றுக்கொடுப்பவர் என்பது பொருள். அது இருக்கட்டும். நமக்கு வேண்டியது, கருவிகள் செய்தி பரிமாறிக்கொள்ளும் எம்கியூடிடி நெறிமுறையில் அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்பது. 1999இல் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு கிளார்க்கும் ஆர்காம் நிறுவனத்தின் ஆர்லன் நிப்பரும், எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் இணைப்பு வழியாகக் கண்காணிப்பதற்காக இதை உருவாக்கினார்கள். இணைப்பு மெலிது, செலவு அதிகம். அதனால் செய்தி சிறியதாக இருக்க வேண்டும், கருவிக்குப் பெரிய வேலை எதுவும் இருக்கக்கூடாது. பாரத்தையெல்லாம் நடுவில் இருக்கும் ஒரு மென்பொருள் சுமக்கும். அதற்குத்தான் புரோக்கர் என்று பெயர்.

அது என்ன செய்கிறது? மாடித் தொட்டியில் ஓர் ஈஎஸ்பி8266 பலகையும் நீர்மட்ட உணரியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது ‘வீடு/மாடி/தொட்டி’ என்ற தலைப்பில் ‘18’ என்று அனுப்புகிறது. ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் ஓடும் மஸ்கிட்டோ என்ற புரோக்கர் மென்பொருள் 1883ஆம் போர்ட்டில் அதை வாங்குகிறது. (இதை யாரும் ‘கொசு’ என்று பெயர்க்காமல் விட்டது நம் அதிர்ஷ்டம்.) அந்தத் தலைப்பைக் கேட்டிருந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு படி கொடுக்கிறது. அதில் ஒன்று நாம் எழுதிய சின்ன பைத்தான் நிரல். 20க்குக் கீழே என்றால் டெலிகிராமில் நமக்குச் சொல்லும். செய்தியைப் படித்து முடிவெடுப்பது அந்த நிரல். மஸ்கிட்டோ தலைப்பை மட்டும்தான் பார்க்கும். 18 கூடவா குறைவா என்பது அதன் கவலை இல்லை.

இப்போது தரகரைப் பாருங்கள். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறாரே, அவர்தான் தரகர். வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைப்பார், பேரம் பேசுவார், தரகு வாங்கிக்கொண்டு விலகுவார். எம்கியூடிடியில் நடப்பது நேர் எதிர். தொட்டிக்கு டெலிகிராம் நிரல் இருப்பதே தெரியாது. நிரலுக்குத் தொட்டியின் முகவரி தெரியாது. இருவரையும் கடைசிவரை சந்திக்க விடாமல் வைத்திருப்பதுதான் நடுவில் இருப்பதன் வேலை. பேரமும் இல்லை, தரகும் இல்லை. போதாக்குறைக்கு, கேட்டுக்கொண்டால் ஒவ்வொரு தலைப்பிலும் கடைசியாக வந்த செய்தியைத் தன்னிடமே வைத்திருந்து, புதிதாக வருபவருக்குக் கொடுக்கும். எந்தத் தரகர் சரக்கை எடுத்துவைத்துக் காத்திருக்கிறார்?

ஆங்கிலத்தில் மட்டும் பொருந்துகிறதா என்று கேட்கலாம். அங்கே அந்தச் சொல் இழுத்து இழுத்து நீண்டுவிட்டது. நாடுகளுக்கிடையே சமரசம் பேசுபவரும் புரோக்கர்தான். தமிழில் தரகர் நீளவில்லை. வீடு, மாடு, கல்யாணம் என்ற எல்லைக்குள்தான் நிற்கிறார். அதைத் தாண்டினால் ‘இடைத்தரகர்களை நம்ப வேண்டாம்’ என்று அரசு அலுவலக வாசலில் தொங்கும் பலகைதான். சிலர் ‘இடைத்தரகர்’ என்றே எழுதிவிடுகிறார்கள். அந்தப் பலகையைப் பார்த்து வளர்ந்த மாணவர், தன் செய்தியை ஏன் அவரிடம் கொடுக்கப்போகிறார்? அப்புறம் திணை. அர் விகுதி போட்டுவிட்டு ‘தரகர் இயங்குகிறது’ என்றால் இலக்கணம் இடிக்கிறது, ‘இயங்குகிறார்’ என்றால் சிரிப்பு வருகிறது.

‘முகவர்’ என்பவர்களும் உண்டு. முகவர் ஒருவர் சார்பில் செயல்படுபவர்; இது யார் சார்பிலும் இல்லை. ‘அஞ்சலகம்’ கொஞ்சம் நெருங்குகிறது, ஆனால் அஞ்சலுக்கு முகவரி வேண்டும். இங்கே பெறுநர் யார் என்று அனுப்புபவர் எழுதுவதே இல்லை.

என் தேர்வு ‘செய்தி வழங்கி’. சர்வருக்கு ‘வழங்கி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. 2014இல் வந்த 3.1.1, 2019இல் வந்த 5.0 ஆகிய எம்கியூடிடி பதிப்புகளுக்கு ஒயாசிஸ் என்ற அமைப்பு வெளியிட்ட தரநிலைகளும் இந்த நடுமென்பொருளை ‘சர்வர்’ என்றே குறிப்பிடுகின்றன. மூலமே விட்டுவிட்ட உருவகத்தை நாம் ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும்? வழங்கி என்றால் அஃறிணை. ‘வழங்கி நின்றுவிட்டது’ என்று நிம்மதியாக எழுதலாம். பிடிக்காதவர்கள் ‘புரோக்கர்’ என்றே தமிழ் எழுத்தில் எழுதட்டும், தரகருக்கு அது மேல்.

இதே குறிப்புகளில் ‘ஃபார்வர்டு’ எல்லாம் ‘முன்னோக்கி அனுப்பு’ ஆகிவிடுகிறது. பின்னோக்கி யார் அனுப்பினார்கள்? கோப்பை அடுத்த மேசைக்குத் தள்ளும் அரசு அலுவலகத் தமிழில் ‘மேலனுப்பு’ என்று கச்சிதமான சொல் இருக்கிறது. ஒரு தலைப்பின் செய்திகளைக் கேட்டுப் பெறும் ‘சப்ஸ்கிரைப்’ படும் பாடு அதைவிட மோசம்: யூடியூபைப் பார்த்து ‘குழுசேர்’ என்கிறார்கள். நிரல் எந்தக் குழுவில் சேரும்? ‘சந்தா’வில் காசு வாடை அடிக்கிறது என்றாலும், பத்திரிகைக்குச் சந்தா கட்டிய எவருக்கும் அது புரியும். ‘தலைப்புக்குச் சந்தா செய்’ என்று எழுதுங்கள், போதும்.