பத்து விநாடியில் ஒரு முடிவு: ரிமோட்டில் கிளைபிரியும் கதைகள்

பார்வையாளர் ரிமோட்டை அழுத்திக் கதையை நகர்த்தும் தொடர் ஒன்றை எடுக்க நினைப்பவர் முதலில் போட வேண்டியது செலவுக் கணக்கு. ஒவ்வொரு காட்சித் துண்டும் 3 நிமிடம், அதன் முடிவில் இரண்டு வழிகள் என்று வைத்துக்கொள்வோம். தேர்வு பத்து முறை வந்தால் 1,024 முடிவுகள், 2,047 துண்டுகள், 100 மணி நேரத்துக்கு மேல் படப்பிடிப்பு தேவை. பார்ப்பவர் கண்ணில் படுவது 33 நிமிடம்தான். மும்பை கோரேகாவ் ஃபிலிம் சிட்டியில் எந்தத் தயாரிப்பாளரும் இதற்குக் கையெழுத்துப் போட மாட்டார்.

அதனால் பிரிந்த வழிகளை உடனே மறுபடி இணைத்துவிடுகிறார்கள். அதே பத்துத் தேர்வுக்கு இப்போது 21 துண்டுகள், 63 நிமிடப் படம் போதும். செலவு அடங்கிவிடும், சுவை கெடுவதும் இங்கேதான். நாயகி அண்ணனை வீட்டுக்குள் விட்டாலும் விரட்டினாலும் அடுத்த காட்சி ஒன்றே. ஆக அதன் வசனம் இரண்டுக்கும் பொருந்தியாக வேண்டும். "நேத்து நடந்ததை விடு" என்ற மாதிரி வழவழா வசனங்கள் வந்து குவியும். சட்டை, தலைமுடி, கையில் காயம் எதுவும் மாறக் கூடாது. இரண்டாம் முறை வேறு வழியில் போய்ப் பார்ப்பவருக்குக் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இது பழைய தந்திரம். 1967இல் மாண்ட்ரியல் உலகக் கண்காட்சியில் செக்கோஸ்லோவாக்கியாவின் ராடூஸ் சின்செரா குழுவினர் 'கினோஆட்டோமாட்' படத்தைக் காட்டினார்கள். இருக்கைக்கு இருக்கை ஒரு சிவப்பு, ஒரு பச்சைப் பொத்தான். படம் நிற்கும், ஒருவர் மேடையேறிக் கேள்வி கேட்பார், எந்தப் பக்கம் ஓட்டு அதிகமோ அந்தக் காட்சி ஓடும். இரண்டு புரொஜெக்டர்கள் ஒன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். ஆபரேட்டர் ஒன்றின் லென்ஸை மூடுவார், அவ்வளவுதான். எதைத் தேர்ந்தாலும் கடைசியில் வீடு தீப்பற்றி எரியும்! அது கிண்டல் படம் என்பதால் அந்த ஏமாற்று எடுபட்டது. சீரியஸான கதையில் இப்படிச் செய்தால் பார்ப்பவருக்குக் கோபம்தான் வரும்.

நெட்ஃபிளிக்ஸ் 2018 டிசம்பரில் வெளியிட்ட 'பேண்டர்ஸ்னாட்ச்' படம் இதில் ஒரு படி மேலே போனது. சுமார் 250 துண்டுகள். எதையும் தொடாமல் விட்டால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அதில் கவனிக்க வேண்டியது முடிவுகளின் எண்ணிக்கையை அல்ல, ஞாபகத்தை. காலைச் சாப்பாட்டுக்கு எந்தத் தானியச் சிற்றுண்டிப் பாக்கெட் என்று தொடக்கத்தில் கேட்கும். நீங்கள் தொட்ட பிராண்டின் விளம்பரம் பின்னால் ஒரு டிவியில் வரும். இப்படி ஒரு தேர்வைச் சேமித்துவைக்கப் பெரிய செலவில்லை. ஆனால் "நான் செய்தது கணக்கில் சேர்ந்திருக்கிறது" என்ற திருப்தியைத் தருவது இதுவே. புதிதாக ஒரு கிளைமாக்ஸ் எடுப்பதைவிட இது லாபம் என்பேன்.

அடுத்த சிக்கல் பஃபர். சாதாரணப் படத்தில் பிளேயர் அடுத்த அரை நிமிடத்தை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ளும். சிக்னல் கொஞ்சம் போனாலும் படம் நிற்காது. தேர்வுப் புள்ளியில் அடுத்து எது என்றே தெரியாதே! அதனால் இரண்டு வழிகளின் ஆரம்பத்தையும் இறக்க வேண்டும். 720பி படத்துக்கு விநாடிக்கு 2.5 மெகாபிட் என்றால், இரு வழிகளிலும் பத்துப் பத்து விநாடிக்கு மொத்தம் 50 மெகாபிட். செம்பூரிலிருந்து ஹார்பர் லோக்கல் ரயிலில் போகிறவர் ஃபோனில் 4 மெகாபிட் கிடைக்கிறது, ஓடும் படம் 2.5ஐத் தின்கிறது என்றால், மிச்சம் 1.5. இறக்கி முடிக்க 33 விநாடி ஆகும். தேர்வுக்குத் தரும் பத்து விநாடிக் கெடு தொடங்கியபின் இறக்க ஆரம்பித்தால் தேர்ந்தவுடன் சக்கரம் சுற்றும். முன்பே தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த முதல் சில விநாடிகளை மங்கலான தரத்தில் தர வேண்டும். ஒவ்வொரு துண்டும் முந்தைய ஃபிரேம்களை நம்பாமல் தன்னளவில் முழுமையாக இருக்கும் கீஃபிரேமில் தொடங்கினால்தான் ஒட்டில் துள்ளல் இருக்காது. பின்னணி இசையையும் ஒட்டுக்கு இருபுறமும் ஒரே தாளத்தில் அமைக்க வேண்டும்.

தமிழ் டப்பிங்கில் இன்னொரு தொல்லை. சாதாரணப் படத்தில் வசனம் அடுத்த ஷாட்டுக்குள் அரை விநாடி வழிந்தாலும் பாதகமில்லை. இங்கே துண்டு முடிந்தால் வாக்கியமும் முடிந்தாக வேண்டும்.

ஆள் கூட்டம் வேறு. தாராவியில் ஒற்றை அறையில் ஐந்து பேர் உட்கார்ந்து பார்த்தால் ரிமோட் வைத்திருப்பவருக்குத்தான் கதை. மற்ற நால்வருக்கு அது இன்னொருவர் கெடுத்த படம். பாட்டி, "என்னவோ ஒண்ணை அமுக்கு, நடக்கிறதைப் பார்ப்போம்" என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது: அடுத்தது என்ன என்று காத்திருப்பதுதான் கதை கேட்பதன் சுகம். தீர்மானிக்கச் சொன்னதும் கதையிலிருந்து ஒரு கால் வெளியே வந்துவிடுகிறது. நெட்ஃபிளிக்ஸும் 2025 மே மாதம் பேண்டர்ஸ்னாட்சைத் தன் தளத்திலிருந்து நீக்கிவிட்டது.

முடிவு யார் கையிலும் இல்லாத நிகழ்ச்சிகளில் இதே வசதி நன்றாக எடுபடுகிறது. வினாடி வினாவில் வீட்டிலிருந்தே பதில் சொல்லலாம். 2023 ஐபிஎல்லை ஜியோசினிமாவில் கேமரா கோணத்தை மாற்றி, தமிழ் வர்ணனையைத் தேர்ந்து பார்க்க முடிந்தது. எதைத் தொட்டாலும் ஸ்கோர் மாறாது, மனதும் உறுத்தாது. நேரலை ஓட்டெடுப்பில் மட்டும் தாமதத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். 6 விநாடித் துண்டு மூன்றைச் சேர்த்துக்கொண்டு ஓடும் ஸ்ட்ரீமிங், குறைந்தது 18 விநாடி பின்தங்கும். டிஷ் வைத்த பக்கத்து வீட்டுக்காரர் அதற்குள் சிக்ஸருக்குக் கத்திவிட்டிருப்பார். கெடு 15 விநாடி என்றால் ஸ்ட்ரீமிங்காரருக்குக் கேள்வி வரும்போதே கதவு மூடியிருக்கும்.

கதையாகவே எடுப்பதென்றால், யாரும் எதையும் அழுத்தாதபோது தானாக ஓடும் வழியைத்தான் முதலில் எழுத வேண்டும். கையில் டீ கிளாஸோடு உட்கார்ந்தவருக்கு முழுப் படமே அதுதான். நல்ல வசனங்களைக் கிளைகளில் ஒளித்துவைத்தால் அவர் பார்க்கவே மாட்டார்.