நிலக்கரித் தீயைப் பற்றுமுன் தடுக்கும் வேதியியல்

"யாரும் பற்றவைக்காமல் நிலக்கரிக் குவியல் எப்படி எரிகிறது? உப்புக் கரைசல் தெளித்தால் ஏன் அடங்குகிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

நிலக்கரி சாதாரண வெப்பநிலையிலேயே ஆக்சிஜனோடு மெல்ல வினைபுரிந்து வெப்பத்தை வெளியிடும். குவியலுக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. சூடு ஏற ஏற வினையும் வேகமெடுக்கும். ஜார்க்கண்டின் ஜாரியா சுரங்கப் பகுதியில் 1916-இல் பதிவான தீ இன்னும் முழுதாக அணையவில்லை.

கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு போன்ற உப்புகள் காற்றின் ஈரத்தை இழுத்து நிலக்கரியை நனைத்தே வைத்திருக்கும். நீர்ப்படலம் ஆக்சிஜனை மறிக்கும். ஆவியாகும் ஒவ்வொரு கிலோ நீரும் ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். நீர் வற்றியதும் இந்தக் காவல் முடிந்துவிடும். குளோரைடு இரும்புக் கருவிகளையும் அரிக்கும்.

என்னை மிகவும் ஈர்ப்பது இன்னொரு வகைத் தடுப்பான். நிலக்கரியில் பென்சீன் வளையத்தை (ஆறு கார்பன் அணுக்கள் கோத்த வளையத்தை) அடுத்துள்ள கார்பனிலிருந்து ஹைட்ரஜன் எளிதில் பிரியும். மிஞ்சுவது இணையில்லாத ஓர் எலக்ட்ரானைத் தாங்கிய தனி உறுப்பு. ஆக்சிஜன் உடனே அதில் ஒட்டிப் பெராக்சி உறுப்பாகிறது. அது பக்கத்து மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜனைப் பறித்துத் தான் ஹைட்ரோபெராக்சைடாக மாற, பறிகொடுத்தது புதிய தனி உறுப்பாகிறது. சங்கிலி இப்படியே நீள்கிறது. ஹைட்ரோபெராக்சைடும் சும்மா இருப்பதில்லை. அதன் ஆக்சிஜன்-ஆக்சிஜன் பிணைப்பு பலவீனமானது. உடைந்தால் மேலும் தனி உறுப்புகள். நிலக்கரியிலுள்ள இரும்பு அயனிகள் அந்த உடைப்பை விரைவுபடுத்தும்.

இங்கேதான் ஃபீனால் வகை ஆன்டி-ஆக்சிடன்ட் நுழைகிறது. ஆன்டி-ஆக்சிடன்ட் என்பது ஆக்சிஜனோடு நடக்கும் வினையைத் தடுக்கும் பொருள்; ஃபீனால் வகையில் பென்சீன் வளையத்தோடு ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு தொகுதி இணைந்திருக்கும். தன் ஹைட்ரஜனைப் பெராக்சி உறுப்புக்கு அதுவே கொடுத்துவிடுகிறது. கொடுத்தபின் அதுவும் தனி உறுப்புதான். ஆனால் இணையில்லாத எலக்ட்ரான் வளையம் முழுதும் பரவி நிலைபெறுவதால், பிறரிடம் பறிக்கும் வேகம் அதற்கு இல்லை. சங்கிலி அங்கே அறுந்துவிடுகிறது. சமையல் எண்ணெய் சிக்கு வாடை பிடிக்காமல் காப்பதும் இதே வினைதான். தேயிலையின் கேட்டசினையும் வைட்டமின் சி-யையும் நிலக்கரியில் ஆய்வகங்கள் சோதித்திருக்கின்றன. இரும்பு அயனிகளைக் கவ்விப்பிடிக்கும் இ.டி.டி.ஏ. போன்றவற்றையும் சேர்க்கலாம்.

தீ மூண்டபின் கொட்டும் பணத்தில் ஒரு பங்காவது இந்த ஆய்வுகளுக்குப் போக வேண்டும் என்பேன். இன்னும் தீராத சிக்கல்கள் உண்டு. ஆன்டி-ஆக்சிடன்ட் வினையில் செலவாகித் தீர்ந்துவிடும். அதனால் தீப்பற்றுவதைத் தள்ளிப்போடத்தான் முடியும். டன் கணக்கில் தெளிக்க அது மலிவாகவும் இருக்க வேண்டும். தொடக்கச் சூட்டுக்கு உப்பு, நீர் வற்றியபின் ஆன்டி-ஆக்சிடன்ட் என்று இரண்டையும் கலந்து சோதிப்பது இதனால்தான். எதைத் தெளித்தாலும் சீக்கிரம் தெளிக்க வேண்டும். நிலக்கரி சூடாவதன் அறிகுறியாக, புகை தெரியுமுன்பே சுரங்கக் காற்றில் கார்பன் மோனாக்சைடு ஏறத் தொடங்கும். அது விடாமல் ஏறிக்கொண்டே போனால் தடுப்பான் மட்டும் போதாது. அப்பகுதியை அடைத்து, ஆக்சிஜனை விலக்க நைட்ரஜன் செலுத்த வேண்டியிருக்கும்.