தக்மா: ‘அமைதிக் கோபுரம்’ அல்ல, இடுகோட்டம்

ஈரானின் யஸ்து நகரைப் பற்றித் தமிழில் எது வந்தாலும் ‘அமைதிக் கோபுரம்’ கூடவே வந்துவிடுகிறது. சுற்றுலாக் கட்டுரை, காணொளித் தலைப்பு, வரலாற்று மொழிபெயர்ப்பு எல்லாவற்றிலும் இதே கதைதான். கொஞ்சம் வடமொழிப் பற்றுள்ளவர் ‘மௌன கோபுரம்’ என்பார். இரண்டும் பிழை. பண்டைய ஈரானில் பிறந்த ஜரதுஷ்டிர சமயத்தார் இறந்தோர் உடலை வெயிலுக்கும் பறவைகளுக்கும் விடுகிற வட்டமான மதிற்கட்டடம் அது. அதற்கு அவர்களிடம் உள்ள பெயர் தக்மா.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அச்சமயத்தின் மறைநூலான அவெஸ்தாவின் பழைய ஈரானிய மொழியில் உள்ள ‘தக்ம’தான் மூலம். ‘எரித்தல்’ என்னும் வேரிலிருந்து வந்தது என்று முன்பு கருதினார்கள். மொழியியலாளர் கார்ல் ஹோஃப்மன் ‘புதைத்தல்’ என்னும் வேரைக் காட்டினார். கல்லறையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான தாஃபோஸ் அதற்கு உறவு. அவெஸ்தாவின் ஒரு பகுதியான, தூய்மை விதிகளைச் சொல்லும் வெந்திதாத் நூலில் தக்மா நல்ல பொருளில் வரவில்லை. பிணம் கிடக்கும் கட்டடம், தீய ஆவிகள் கூடும் இடம், இடித்துத் தரைமட்டமாக்கினால் புண்ணியம் என்றே அந்நூல் பேசுகிறது. பறவைகளுக்கு உடலை விடும் மதிற்கட்டடம் என்ற பொருள் பிற்காலத்தில் ஏறியது.

‘அமைதி’ எங்கிருந்து வந்தது? 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பம்பாயில் ஆங்கில அரசுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த ராபர்ட் மர்ஃபி சூட்டிய ஆங்கிலப் பெயர் இது என்பார்கள். அவெஸ்தாவில் இதற்கு வேர் கிடையாது. இன்றைய பாரசீகத்தில் வழங்கும் ‘புர்ஜே காமூஷான்’ என்ற பெயரிலும் காமூஷான் என்பது பேச்சடங்கியவர்களை, அதாவது இறந்தவர்களைக் குறிக்கிறது. அந்தப் பொருளும் தமிழுக்கு வரும் வழியில் தொலைந்துபோனது. நம் மொழியில் அமைதி என்றால் சமாதானமும்தான். ‘யஸ்து அமைதிக் கோபுரம்’ என்ற தலைப்பைப் படிப்பவர், போர் முடிந்ததன் நினைவாக எழுப்பிய சின்னம் என்று நினைத்தால் அவர்மேல் குற்றமில்லை. மௌனம் என்றால் நமக்கு நோன்பு, முனிவர். பிணத்தின் வாடையே இல்லாத சொற்கள் இவை.

‘கோபுரம்’ அதைவிட மோசம். தமிழருக்குக் கோபுரம் என்பது கோயில் வாசலில் அடுக்கடுக்காகக் குறுகி உயர்வது. தக்மா உயரத்தைவிட அகலம் மிகுந்தது, மேலே கூரை இல்லாதது, உள்ளே போக ஒரு சிறு வாசல் மட்டும் உள்ளது. யஸ்துக்குத் தெற்கே உள்ள இரண்டும் ஓங்கித் தெரிவதற்குக் காரணம் அவை நிற்கும் குன்றுகள்.

உள்ளமைப்பைப் பார்த்தால் பிழை இன்னும் தெளிவாகும். ஈரானிலிருந்து இந்தியா வந்து குடியேறிய ஜரதுஷ்டிர சமயத்தாரான பார்சிகள் கட்டும் முறையில், கல் பாவிய தளம் நடுவை நோக்கிச் சரிந்திருக்கும். அதில் மூன்று வட்ட வரிசைகள்: வெளிவட்டம் ஆண்களுக்கு, நடுவட்டம் பெண்களுக்கு, உள்வட்டம் குழந்தைகளுக்கு. ஒவ்வோர் உடலுக்கும் ஆழமில்லாத ஒரு பள்ளம். அதன் பெயர் பாவி. நடுவில் பண்டார் என்னும் கிணறு. பறவைகள் தின்று, வெயிலில் வெளுத்த எலும்புகள் அதற்குள் போகும். மழைநீர் அங்கிருந்து நான்கு வாய்க்கால் வழியே கரியும் மணற்கல்லும் இட்ட நிலத்தடிக் கிணறுகளுக்கு வடிந்து, வடிகட்டப்பட்டே மண்ணைத் தொடும். பிணத்தை நஸு என்னும் தீட்டு பற்றும். அது நிலத்தையும் நீரையும் நெருப்பையும் தொடக்கூடாது. கட்டடத்தின் ஒவ்வொரு கல்லும் இந்த ஒரு கவலைக்காக வைத்தது. நாயும் பறவையும் எலும்பை நீருக்கோ பயிருக்கோ இழுத்துப் போகாதபடி உடலைக் காலிலும் முடியிலும் பிணித்து வைக்கச் சொல்லும் வெந்திதாத்தின் விதிக்கும் அதுவே காரணம்.

இவ்வளவு நுட்பமான ஏற்பாட்டுக்குத் தமிழில் சொல் இல்லை என்பவர்கள் மணிமேகலையைத் திறக்கட்டும். சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில் ஐந்து முறைகள் வரிசையாக நிற்கின்றன:

சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர்
தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்

சுடுவது வேறு, குழிதோண்டிப் படுப்பது வேறு, இடுவது வேறு. உடலை வெறுமனே இட்டுவிட்டு வருவோர்தான் ‘இடுவோர்’. அதே காதையில், மதில் சூழ்ந்த அந்த ஈமப்புறங்காட்டை மக்கள் ‘சுடுகாட்டுக் கோட்டம்’ என்று அழைப்பதாகவும் வருகிறது. இடு என்ற வினையும் கோட்டம் என்ற மதிற்பெயரும் நம் கையிலேயே இருக்கின்றன. இடுகோட்டம் என்று சேர்த்தால் செயலும் கட்டடமும் ஒரே சொல்லில் அடங்கும். ‘இடுகாடு’ போதாதா என்றால், போதாது. இன்றைய வழக்கில் அது புதைக்கும் இடமாகிவிட்டது. தக்மாவில் தவிர்ப்பதே புதைப்பதைத்தான்.

‘வான் அடக்கம்’ என்று ஒரு புதுச்சொல்லும் உலவுகிறது. அடக்கம் என்றாலே குழி. அதோடு, திபெத்தியர் உடலை வெட்டிப் பறவைகளுக்கு இடும் வழக்கமும் இதுவும் ஒன்றே என்ற மயக்கத்தை அது உண்டாக்குகிறது. தக்மாவில் உடலை வெட்டுவதில்லை. அங்கே வரும் பறவையைக் ‘கழுகு’ என்று மட்டும் எழுதுவதும் அரைகுறைதான். வேட்டையாடும் கழுகு வேறு, பிணந்தின்னும் பாறு வேறு. பாறு என்ற சொல் சங்கப் பாடல்களிலேயே இருக்கிறது.

ஆங்கிலச் சொல்லை அகராதியில் தேடி, முதலில் கிடைத்ததை ஒட்டவைப்பதால் வரும் கேடு இது. இந்தச் சமயத்தைப் பற்றிய எழுத்து முழுக்க இது பரவியிருக்கிறது. சமயத்தை நிறுவிய ஜரதுஷ்டிரர் கிரேக்கம் வழியாக ‘சொராஸ்டர்’ ஆகிறார். நெருப்பின் முன் நின்று தங்கள் இறைவன் அகுர மஸ்தாவைத் தொழுபவர்கள் ‘தீ வணங்கிகள்’ ஆகிறார்கள். பிணத்தை நாயின் பார்வையில் படவைக்கும் சக்தீத் சடங்கு ‘நாய் வழிபாடு’ ஆகிறது. சக் என்றால் நாய், தீத் என்றால் பார்த்தல். ‘நாய்ப்பார்வை’ என்று எழுத யார் தடுத்தார்கள்? மூலமொழியில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று ஒரே ஒருமுறை கேட்டுப் பார்ப்பது மொழிபெயர்ப்பாளரின் அடிப்படைக் கடமை.

முதல் முறை ‘தக்மா என்னும் இடுகோட்டம்’ என்று எழுதி, பிறகு இரண்டில் ஒன்றைத் தொடரலாம். காலத்தைப் பார்த்து எழுத வேண்டும். பழைய பாரசீகத்தின் அகமனியப் பேரரசை நிறுவிய சைரசின் உடல் பசார்கதேயில் கற்கல்லறையில் வைக்கப்பட்டது. பின்வந்த அகமனிய மன்னர்களுக்கு நக்ஷே ருஸ்தமில் பாறைக் கல்லறைகள் உண்டு. பாரசீகர் உடலைப் பறவையோ நாயோ கிழித்த பிறகே புதைப்பதாகக் கிறித்துவுக்கு முன் 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதினார். மதில்கட்டிய இடம் எதையும் அவர் சொல்லவில்லை. அந்தக் காலத்துக்கு இடுகோட்டம் என்று எழுதக் கூடாது. இன்றைய ஈரானுக்கும் கூடாது. யஸ்து தக்மாக்கள் 1970களில் கைவிடப்பட்டுவிட்டன. அங்குள்ள ஜரதுஷ்டிர சமயத்தார் இப்போது உடலை மண் தொடாதபடி சிமென்ட் பூசிய குழியில் வைக்கிறார்கள். அந்த இடத்தின் பெயர் ஆராம்கா. அதற்குத் தமிழில் கல்லறைத் தோட்டம் என்பதே சரி.