கழுநீர்: ‘கிரே வாட்டர்’ என்பதற்குத் தமிழில் என்ன?

குளியலறை, கை கழுவும் தொட்டி, துணி துவைக்கும் கல், வாஷிங் மெஷின் ஆகியவற்றிலிருந்து வெளியேறும் தண்ணீரை ஆங்கிலத்தில் ‘கிரே வாட்டர்’ என்கிறார்கள். கக்கூஸ் தண்ணீர் இதில் சேராது. அதற்கு ‘பிளாக் வாட்டர்’ என்று தனிப்பெயர். பாத்திரம் கழுவிய தண்ணீரைச் சிலர் ‘கிரே’ பக்கம் சேர்ப்பார்கள். எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் கிடப்பதால் வேறு சிலர் ‘பிளாக்’ பக்கம் தள்ளிவிடுவார்கள்.

நிறத்தை வைத்து வந்த பெயர் இது. சோப்பும் அழுக்கும் கலந்த தண்ணீரை வாளியில் கொஞ்ச நேரம் விட்டால் மங்கிப்போய் சாம்பல் பூத்தாற்போல் ஆகும். ஒரு நாளைத் தாண்டினால் அதிலுள்ள பிராணவாயு தீர்ந்து, கறுத்து நாறத் தொடங்கும். அதாவது, ‘கிரே’ தண்ணீரைத் தேக்கி வைத்தால் அது ‘பிளாக்’ பக்கம் நகர்ந்துவிடும்.

தமிழில் ‘சாம்பல் நீர்’ என்று மொழிபெயர்த்துப் புழங்குகிறோம். சாம்பல் என்றதும் நமக்கு முதலில் அடுப்புதான் நினைவுக்கு வரும், நிறம் அப்புறம்தான். (தேங்காய் நாரும் சாம்பலும் வைத்துப் பாத்திரம் தேய்த்த காலத்தில் கொல்லையில் ஓடியது நிஜமாகவே சாம்பல் நீர்தான்!) ‘பழுப்பு நீர்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது இன்னும் குழப்பம். துப்புரவுத் துறையில் மலம் கலந்த நீரை ‘பிரவுன் வாட்டர்’ என்று தனியாகப் பிரிக்கிறார்கள்.

‘கழிவுநீர்’ பொதுப்பெயர். கழி என்ற வினையிலிருந்து வந்தது, வேண்டாம் என்று நீக்கியது என்று பொருள். குளித்த தண்ணீரும் மலம் கலந்த தண்ணீரும் இந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. பழைய மாடி வீடுகளின் பின்சுவரைப் பாருங்கள்: கக்கூஸ் குழாய் தனியாகவும் குளியலறைக் குழாய் தனியாகவும் இறங்கும். தரைக்கு வந்ததும் இரண்டையும் ஒரே தொட்டியில் சேர்த்துவிடுவார்கள். சேர்ந்துவிட்டால் அத்தனையும் மலநீர்; அதைச் சுத்தப்படுத்துவது பெரிய செலவு. சேர்வதற்கு முன்னால் ஒரு வளைவுக் குழாய் போட்டுத் திருப்பிவிட்டால் வேலை சுலபம்.

இதற்குப் பொருத்தமான சொல் என்று நான் நினைப்பது கழுநீர். கழுவு+நீர் என்று விளக்கவே வேண்டாம், காதில் விழும்போதே புரிகிறது. அரிசி களைந்த தண்ணீருக்கு இதே பெயர். பேச்சில் ‘கழனித் தண்ணி’ ஆகி, மாட்டுத் தொட்டிக்குப் போனது. ஆக, கொட்டிவிடாமல் இன்னொரு வேலைக்குக் கொடுக்கிற தண்ணீர் என்ற பழக்கமும் சொல்லோடு வருகிறது. செங்கழுநீர்ப் பூவோடு குழம்புமே என்றால், இடம் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். ‘பிளாக் வாட்டரை’ மலநீர் என்றே சொல்லிவிடலாம்.

கழுநீர் விழும் இடத்துக்கும் பழைய சொல் உண்டு: அங்கணம். தமக்கு இணையில்லாதவர்கள் கூடிய அவையில் அறிவுள்ளவர் பேசுவது அங்கணத்தில் கொட்டிய அமிழ்து போல என்கிறது குறள் (720). திருநெல்வேலிப் பக்கம் பாத்திரம் கழுவும் இடத்தை இன்றும் ‘அங்கணக்குழி’ என்பார்கள்.

சரி, எவ்வளவு தண்ணீர் இது? கிராம வீடுகளுக்குக் குழாயில் தண்ணீர் தர 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர். அதில் பெரும்பகுதி கழுநீராகத்தான் வெளியேறும். நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஊராட்சிகளில் தோண்டிய உறிஞ்சு குழிகள் இதற்காகத்தான். தெருவில் தேங்காது, கொசு குறையும். ஆனால் அந்தத் தண்ணீர் நேராகச் செடிக்குப் போவதில்லை.

செடி வழியாக விடுவதைச் சென்னையில் விடாமல் சொல்லிவந்தவர் இந்துகாந்த் ராகடே. குளியல், துவையல் தண்ணீரைக் கல்வாழை நட்ட மண்பாத்திக்குள் விடுவது அவர் முறை. அடியில் ஜல்லி, மேலே மணல், அதற்கு மேல் மண். வேரைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள் சோப்பையும் அழுக்கையும் தின்றுவிடும். தெளிந்த நீர் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றை எட்டும். மின்சாரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம். கல்வாழை கிடைக்காவிட்டால் சேம்பு, வாழை, வெட்டிவேர் எதுவும் ஆகும்.

பாத்தியின் வாயில் கொஞ்சம் கூழாங்கல் போட்டு வையுங்கள். முடியும் நூலும் அதில் சிக்கும், அவ்வப்போது அள்ளிப்போட வேண்டும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரும் குழந்தையின் மலத்துணி அலசிய தண்ணீரும் இந்தப் பக்கம் வரக்கூடாது. கீரைக்கும் பச்சையாகத் தின்னும் காய்க்கும் கழுநீரை நேராக ஊற்றாதீர்கள். தென்னைக்கும் வாழைக்கும் தாராளமாக விடலாம்.