தப்பான நாளில் விடுதலையான அடிமை

பழைய ரோமில் ஓர் அடிமையை விடுவிக்க ஒரு வழி இருந்தது. எஜமானர் அவனை பிரேட்டர் என்ற நீதி அதிகாரியின் முன் நிறுத்துவார். ஒருவர் கோலால் அவனைத் தொட்டு, இவன் சுதந்திர மனிதன் என்பார். எஜமானர் மறுத்துப் பேசமாட்டார். பிரேட்டர் அதை ஏற்றுத் தீர்ப்புச் சொன்னால் வேலை முடிந்தது. சரி, எல்லாம் முடிந்த பிறகு, அன்றைக்கு பிரேட்டர் தீர்ப்புக்காக வாயே திறந்திருக்கக்கூடாது என்று தெரியவந்தால்? அந்த ஆள் இப்போது அடிமையா, இல்லையா?

கி.மு. முதல் நூற்றாண்டு அறிஞர் வாரோ இதற்குப் பதில் எழுதி வைத்திருக்கிறார். அவன் சுதந்திர மனிதன்தான். ஆனால் அந்த விடுதலையில் ஒரு குறை ஒட்டிக்கொண்டிருக்கும். தெரியாமல் செய்த பிரேட்டர் ஒரு விலங்கைப் பலியிட்டுப் பரிகாரம் தேடலாம். தெரிந்தே செய்திருந்தால் பரிகாரமே கிடையாது என்றார் குவின்டஸ் மூக்கியஸ் என்ற சட்ட அறிஞர். செய்தது ஒரே காரியம், அதற்குக் கணக்கு மட்டும் இரண்டு. மனிதர்களின் கணக்கில் தீர்ப்பு செல்லும், தெய்வங்களின் கணக்கில் அது தப்பு.

முதல் கணக்குக்கு 'யூஸ்' என்று பெயர், இரண்டாவதற்கு 'ஃபாஸ்'. ஃபாஸ் என்பதைத் தெய்வச் சட்டம் என்று மொழிபெயர்ப்பது வழக்கம். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. தெய்வங்கள் இறக்கித் தந்த கட்டளைத் தொகுப்பு எதுவும் ரோமர்களிடம் இருக்கவில்லை. 'இதைச் செய்வது ஃபாஸ்' என்றால், செய்தால் தெய்வக் குற்றம் ஆகாது என்று பொருள், அவ்வளவுதான். அதன் எதிர்ச்சொல்லான 'நெஃபாஸ்' ஏறக்குறைய நம் தெய்வக் குற்றமேதான்.

தெய்வக் குற்றத்துக்கு யார் தண்டிப்பது? கி.பி. 15-இல், முந்தைய ஆண்டு மறைந்த முதல் பேரரசர் அகஸ்டஸின் பெயரால் பொய்ச் சத்தியம் செய்ததாக ரூப்ரியஸ் என்பவர்மீது புகார் வந்தது. அகஸ்டஸ் அதற்குள் தெய்வமாக அறிவிக்கப்பட்டிருந்தார். தலைமைத் தெய்வமான ஜூப்பிட்டரை ஏமாற்றியதைப்போலவே இதையும் கருதவேண்டும், தெய்வங்களுக்கு இழைத்த தீங்கைத் தெய்வங்களே பார்த்துக்கொள்ளும் என்று பேரரசர் டைபீரியஸ் எழுதி அனுப்பினார்.

எந்த நாளில் எது செய்யலாம் என்பதை நாட்காட்டியே சொல்லியது. நாளுக்கு நாள் ஓர் எழுத்துக் குறி. 'எஃப்' இருந்தால் நீதிமன்றம் நடக்கலாம், 'என்' இருந்தால் கூடாது, 'சி' இருந்தால் மக்கள் சபையும் கூடலாம். சில நாட்கள் பாதிப் பாதி: காலையும் மாலையும் ஆகாது, நடுவில் ஆகும். எனக்குப் பிடித்தது ஜூன் 15. அன்று அடுப்புத் தீயின் தெய்வமான வெஸ்டாவின் கோயிலைப் பெருக்கி, குப்பையைக் கேப்பிட்டால் குன்றின் சரிவு வழியாகக் கொண்டுபோய் அதற்கென்று குறித்த இடத்தில் சேர்ப்பார்கள். அது முடிந்த பிறகுதான் வழக்கு. குப்பை போய்ச் சேரும்வரை ரோமின் நீதி காத்திருந்தது!

இந்த நாள் கணக்கு நெடுங்காலம் பொன்டிஃபெக்ஸ் எனப்பட்ட குருமார்களின் கையில் இருந்தது. வழக்குத் தொடுக்க நாள் கேட்டு அவர்களிடம்தான் போகவேண்டும். கி.மு. 304-இல் நயஸ் ஃபிளேவியஸ் அந்தப் பட்டியலை ஃபோரம் சதுக்கத்தில் எல்லோரும் பார்க்க வைத்துவிட்டார். அவர் ஒரு விடுதலை பெற்ற அடிமையின் மகன், எழுத்தராக இருந்து பதவிக்கு வந்தவர். மேட்டுக்குடியினர் கொதித்துப் போனார்கள்.

நாளைப்போலவே நிலத்துக்கும் இரண்டு கணக்கு உண்டு. கி.பி. இரண்டாம் நூற்றாண்டுச் சட்ட ஆசிரியர் கையஸ் சொல்வது இது: கோயில் நிலம் யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் அது புனிதமாக ரோம மக்களின் அதிகாரம் வேண்டும். கல்லறைக்கு அந்த ஒப்புதல் வேண்டாம். அடக்கம் செய்யும் பொறுப்பு உனக்கு இருந்து, உன் நிலத்திலேயே அடக்கம் செய்தால் போதும், அந்த இடம் மனிதக் கணக்கிலிருந்து வெளியேறிவிடும்.

கோயில் நிலத்துக்கான இந்த நிபந்தனைதான் பேச்சாளரும் அரசியல்வாதியுமான சிசரோவுக்கு வீட்டை மீட்டுத் தந்தது. கி.மு. 58-இல் அவர் நாடு கடத்தப்பட்டபோது, அவருடைய எதிரி குளோடியஸ் பலட்டைன் குன்றில் இருந்த வீட்டை இடித்து, அந்த மனையின் ஒரு பகுதியைச் சுதந்திர தேவிக்கு நேர்ந்துவிட்டார். சாமி இடத்தை யார் திருப்பிக் கேட்பது? கெட்டிக்காரத்தனமான கணக்குதான். அடுத்த ஆண்டே சிசரோ திரும்பி வந்து, குருமார்முன் நீளமாக வாதாடினார். மக்கள் குளோடியஸைப் பெயர் சொல்லி அந்தக் காரியத்துக்கு நியமித்திருக்காவிட்டால், இடத்தைத் திருப்பித் தருவதில் தெய்வக் குற்றமில்லை என்றார்கள் குருமார்.

பிறகு விஷயம் ரோமின் ஆட்சி மன்றமான செனட்டுக்குப் போனது. இப்படித் தீர்ப்புச் சொன்னது ஏன் என்று கேட்டபோது, குருமார்களில் ஒருவரான மார்கஸ் லுக்கல்லஸ், "சமயத்துக்குக் குருமார் நீதிபதிகள், சட்டத்துக்குச் செனட்" என்றார். இத்தனைக்கும் அந்தக் குருமார்களும் செனட்டர்கள்தான். தொப்பியை மாற்றிக்கொண்டு அதே ஆட்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். மனை சிசரோவுக்குத் திரும்பியது, இடித்த வீட்டுக்கு 20 லட்சம் செஸ்டர்ஸ் நாணயம் இழப்பீடும் கிடைத்தது. கட்டட வேலை நடந்துகொண்டிருந்தபோதே, கி.மு. 57 நவம்பர் 3 அன்று குளோடியஸின் ஆட்கள் ஆயுதங்களோடு வந்து வேலையாட்களை விரட்டினார்கள். மறு ஆண்டு ரோமுக்கு அருகே விநோதச் சத்தம் கேட்டது. குறிசொல்லிகளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். புனித இடங்கள் தீட்டுப்பட்டிருக்கின்றன என்றார்கள் அவர்கள். அது சிசரோவின் வீடுதான் என்றார் குளோடியஸ்.